இராதாபுரம் தொகுதியில் தபால் ஓட்டு போட்ட அனுபவம்

எங்கள் பக்கத்து ஆசிரியர்களிடம் தபால் ஓட்டு என்று பேச்செடுத்தால் 49 என்ற எண் வராமல் பேச்சு முடியாது. 2016 சட்டமன்றத் தேர்தலில், இராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை அந்த 49 ஓட்டு வித்தியாசத்தில்தான் வென்றார். செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகள் மட்டும் 203. தபால் ஓட்டோடு சேர்த்து அனுப்பும் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்பதுதான் வழக்கு. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஓட்டுகளையும், இயந்திர ஓட்டு எண்ணிக்கையின் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணவும் செய்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமும் முடிந்துபோனது.

எனக்கு ஓட்டு இதே இராதாபுரம் தொகுதியில் உள்ள வள்ளியூரில். 2021 தேர்தலில் அம்பாசமுத்திரம் தொகுதிக்குப் பணி ஆணை வந்தது. வேறு தொகுதி என்பதால் தபால் ஓட்டுதான். முதல் பயிற்சி வகுப்பிலேயே தபால் ஓட்டு கேட்கும் படிவம் 12 கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் எழுதி, பணி ஆணை நகலையும் வாக்காளர் அட்டை நகலையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அடுத்த வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் ஓட்டுச்சீட்டு வந்தது, எனக்கு வரவில்லை. கேட்டால், "அடுத்த கிளாஸ்ல வந்துரும் டீச்சர்" என்றார்கள். பயம் பிடித்துக்கொண்டது. தபால் ஓட்டு வழங்கியாயிற்று என்று பட்டியலில் நம் பெயருக்கு எதிரே குறித்துவிட்டால், ஊர் வாக்குச்சாவடியிலும் ஓட்டுப் போட முடியாது. இரண்டும் இல்லாமல் போனால் யாரிடம் போய் நிற்பது? என்னைப் போல விடுபட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து பெயர், பாகம் எண்ணோடு எழுதிக் கொடுத்தோம். கடைசி வகுப்பில் வந்தது.

எங்கள் பள்ளியில் அப்போதிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் 2016-இல் தபால் ஓட்டு போட்டவர். கிளம்பும்போதே சொல்லி அனுப்பினார்: "யம்மா, கையெழுத்து யார்கிட்ட வாங்குதேன்னு பாத்து வாங்கு. என் ஓட்டு அந்த 203-க்குள்ள கெடந்துச்சா, எண்ணுனாவளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மனிதர். எத்தனையோ தேர்தலுக்குப் பெட்டி தூக்கியவர். அவருக்கே தன் ஓட்டு என்ன ஆனதென்று தெரியாது என்றால் மனசு ஆறவில்லை.

அதனால் பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருந்த அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமே வரிசையில் நின்று சான்றொப்பம் வாங்கினேன். ஓட்டுச்சீட்டின் வரிசை எண்ணும் உறுதிமொழியில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று பக்கத்தில் இருந்தவரையும் பார்க்கச் சொன்னேன். ஓட்டுச்சீட்டு மட்டும் சிறிய உறைக்குள் போக வேண்டும். உறுதிமொழி அதற்குள் போகக்கூடாது. ஒட்டிய சிறிய உறையையும் உறுதிமொழியையும் சேர்த்துப் பெரிய உறையில் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினாலே ஓட்டு போய்விடும். பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

தேர்தலன்று விடியுமுன் மாதிரி வாக்குப்பதிவு. கட்சி ஏஜெண்டாக வந்த பெரியவர் ஒருவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு, "எதை அமுக்குனாலும் ஒரே சின்னத்துக்குத்தான் போகுதுன்னு சொல்லுதாவளே டீச்சர்" என்றார். அவரையே அமுக்கச் சொன்னோம். குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும் என்பது விதி. எண்ணிக்கையையும், எந்தச் சின்னத்துக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சாகும் விவிபேட் சீட்டுகளையும் ஒப்பிட்டுக் காட்டி, இயந்திரத்தில் இருந்த மாதிரி ஓட்டுகளை அழித்து, சீல் வைத்தோம். அவர் சொன்னார்: "இங்க சரியாத்தான் இருக்கு. எண்ணுற எடத்துலயும் இப்படியே இருக்கணும்லா." மாலையில் பதிவான மொத்த ஓட்டு எழுதிய 17சி படிவத்தின் நகலை அவர் கையில் கொடுத்தபோது, மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். இயந்திர ஓட்டுக்கு இப்படி ஒரு தாள் கையில் கிடைக்கிறது. எண்ணும்போது சரிபார்க்கலாம். தபால் ஓட்டு போட்டவருக்குப் பெட்டியில் போட்டதோடு சரி.

மாற்றம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒதுக்கிய தபால் ஓட்டுகளைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அவற்றை மீண்டும் சரிபார்த்தே முடிவை அறிவிக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. 2023-இல் விதியைத் திருத்தி, தேர்தல் பணியாளர்கள் தபால் ஓட்டுக்கென்று அமைக்கும் உதவி மையத்திலேயே ஓட்டுப் போட வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது. இரண்டும் நல்லதே.

ஆனாலும் ஓட்டை ஒதுக்கினால், ஒதுக்கினோம் என்று போட்டவருக்குச் சொல்வதில்லை. சொன்னால் இரகசியம் கெடும் என்பார்கள். கெடாது. உறுதிமொழியைப் பார்ப்பது சிறிய உறையைப் பிரிக்குமுன். அதில் குறை இருந்தால் உறையைப் பிரிக்காமலே ஒதுக்குகிறார்கள். யாருக்குப் போட்ட ஓட்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது, படிவத்தில் பெயர் மட்டும் இருக்கும். பயிற்சி வகுப்புக்கு வரச்சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பிய கைபேசி எண்ணும் அவர்களிடமே இருக்கிறது. இன்ன காரணத்தால் உங்கள் ஓட்டு ஏற்கப்படவில்லை என்று அதற்கே ஒரு வரி அனுப்பலாமே. ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேர்தல் பணிக்குப் போகிற மற்றவர்களும் எழுதிக் கொடுங்கள்.