கிளை நுனிவரை செல்லும் கயிறு

யாழ்ப்பாணத்தில் மரமேறத் தெரிந்தவர்களுக்கு ஒரு காலமும் குறைவிருந்ததில்லை. தளைநாரைக் காலில் மாட்டி, நெஞ்சைப் பனையோடு அணைத்து, ஒரே காலையில் பல பனைகளில் ஏறியிறங்கும் கள்ளிறக்கும் சீவல் தொழிலாளரின் திறமைக்கு, கயிற்றில் தொங்கிக் கிளை வெட்டும் தொழில் செய்யும் என்னிடமுள்ள எந்தக் கருவியும் ஈடாகாது. அத்திறமை உடையவர்களைச் சாதி சொல்லிப் படலைக்கு வெளியே நிறுத்திய ஊர்கள்தாம், கூரைமேல் சாய்ந்த வேப்பங்கிளையை வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று இன்று குறைப்பட்டுக்கொள்கின்றன.

ஆனால் பனையில் ஏறுவதும் மாமரத்தில் ஏறுவதும் வேறு வேறான வேலைகள். பனையில் வேலை முழுவதும் உச்சியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் மட்டைகளுக்கிடையே உடலை நிறுத்திக்கொள்ளலாம். மாவிலும் வேம்பிலும் புளியிலும் வெட்டவேண்டிய இடம் பெரும்பாலும் தண்டிலிருந்து விலகி, உடலைத் தாங்காத மெல்லிய நுனிப்பகுதியில் இருக்கும். கயிறில்லாமல் ஏறியவர் அங்கே போகமுடியாது. ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் வாளை இழுக்கும் அவர், தாம் நிற்கக்கூடிய இடத்தில், அதாவது தண்டுக்கு அருகில், தொடைப் பருமனுள்ள கிளையை வெட்டுகிறார். நம்மூர் மரங்கள் மொட்டையாக நிற்பதற்கு வெட்டியவரின் அறியாமையைவிட அவர் நின்ற இடமே பெரிய காரணம் என்பது இத்தொழில் எனக்குக் காட்டிய உண்மை.

கயிற்று முறையில் வேலை தரையிலேயே தொடங்குகிறது. சிறிய பாரப்பை கட்டிய மெல்லிய எறிகயிற்றை உயரத்திலுள்ள தடித்த, உயிருள்ள கவட்டின்மேல் (கிளை பிரியுமிடத்தில்) வீசி, அதன் வழியாக ஏறுகயிற்றை இழுத்தெடுப்போம். பின்னர் இருவர் அக்கயிற்றில் தொங்கிப் பார்த்த பிறகே ஒருவர் ஏறுவார். முருங்கையின் கவட்டை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் நம்பக்கூடாது. புளி அதற்கு நேர்மாறானது. நாங்கள் ஹார்னஸ் என்றே அழைக்கும் பட்டி இடுப்பையும் தொடைகளையும் தாங்குகிறது. அதையும் ஏறுகயிற்றையும் இணைப்பது ஓர் உராய்வு முடிச்சு. ஒஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931 இல் விளக்கிய முடிச்சும் அதன் வழிவந்த பிறவும், பாரம் விழும்போது கயிற்றை இறுகப் பற்றும், பாரம் நீங்கும்போது நழுவிக்கொடுக்கும். இதனால் ஏறுபவர் உயரத்துக் கவட்டிலிருந்து தொங்கியபடி, கிளையின்மேல் தம் பாரத்தை முழுவதும் வைக்காமல், அதன் நுனிவரை நடந்து செல்லவும் இரண்டு கைகளாலும் வேலை செய்யவும் முடிகிறது. வாளை எடுக்கும்போது இரண்டாவது இணைப்பொன்றும் மரத்தைச் சுற்றியிருக்கவேண்டும், ஏனெனில் கிளையை அறுக்கும் வாளுக்குக் கயிறு ஒரு பொருட்டேயல்ல.

கயிற்றைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். கடற்றொழிலுக்கு விற்கப்படும் பிளாஸ்ரிக் கயிறு எங்கும் மலிவாகக் கிடைப்பதால், அதையே இடுப்பில் கட்டி ஏறுபவர்களைப் பார்க்கிறேன். அது உராய்வுச் சூட்டில் உருகக்கூடியது. நமது வெயிலில் கிடந்தால் வெளியே தெரியாமலே வலுவிழக்கும். 11 முதல் 13 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள, மரமேறுவதற்கென்றே பின்னப்பட்ட கயிறுகூட, செம்மண்ணில் இழுபட்டால் மணல் உள்ளே புகுந்து இழைகளை அரித்துவிடும். ஆகவே அதை விரிப்பின்மேல் சுருட்டிவைத்து, ஏறுமுன் முழு நீளத்தையும் விரல்களால் தடவிப் பார்க்கிறோம். கிளை இறக்கிய கயிற்றில் ஆள் ஏறுவதில்லை என்ற விதிக்கு எங்களிடம் விலக்கே கிடையாது.

பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்ளைக் கேட்டு வாங்க விரும்பும் இளைஞர்கள் உண்டு. தறிக்கப்போகும் மரத்தில் அது பயன்படும். வாழவேண்டிய மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு புண். தென்னைக்கும் பனைக்கும் தண்டில் புதுத் திசுவை வளர்த்துப் புண்ணை மூடும் படலம் இல்லாததால், முள் குத்திய துளையும் படியாகக் கொத்திய வடுவும் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும். தென்னையின் புதுக்காயத்தைச் செங்கூன்வண்டு மணத்தாலேயே கண்டுபிடித்து முட்டையிட்டுவிடும்.

மா, வேம்பு போன்றவை புண்ணை மூடக்கூடியவை, ஆனால் நாம் வெட்டுமிடம் சரியாக இருந்தால் மட்டுமே. கிளை தண்டோடு சேருமிடத்தில் தோல் சுருங்கிப் புடைத்த ஒரு வளையம் தெரியும். வெட்டு அதற்குச் சற்று வெளியே அமையவேண்டும். பாரமான கிளையை அங்கேயே நேரடியாக அறுத்தால் அது விழும்போது தண்டின் தோலையும் உரித்துக்கொண்டு போகும். எனவே ஓரடி தள்ளிக் கீழிருந்து சிறிது அறுத்து, அதற்கும் அப்பால் மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, எஞ்சிய துண்டை வளையத்தருகே மூன்றாவதாக அறுக்கிறோம். அமெரிக்க வனச்சேவையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, மரம் உக்கலை, அதாவது உள்ளே பரவும் அழுகலை, குணப்படுத்துவதில்லை, சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவைக்கிறது என்று 1977 இல் விளக்கினார். வளையத்தை வெட்டியெறிந்தால் அந்தச் சுவரின் அத்திவாரமே போய்விடும். தாரும் சாணியும் பூசுவதால் உக்கல் நிற்பதில்லை என்று சொன்னால் வளவுக்காரர் பலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் நான் பூசுவதில்லை.

மொட்டையடிப்பதற்கு எதிராக நான் பேசும்போது கேட்கப்படும் மிகச் சிறந்த கேள்வி, உயிர்வேலியாக நடும் தடியான கதியாலைப் பற்றியது. "தம்பி, கிளிசறியாவையும் பூவரசையும் வருசா வருசம் வெட்டுறம், தழைக்குதுதானே, மாமரம் மட்டும் என்ன?" என்று ஒரு முதியவர் கேட்டார். கதியால் இளமையிலிருந்தே அதே இடத்தில், விரற்கடைத் தடிப்பில் வெட்டப்பட்டுப் பழகியது. அதன் புண் சிறியது, விரைவில் மூடும். ஐம்பது வயதுக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் நடுக்கிளையை வெட்டினால் அப்புண் மூடுவதற்குள் உள்ளே உக்கல் இறங்கிவிடும். அதன் ஓரத்தில் நெருக்கமாக எழும் தளிர்கள் கிளையின் வெளி அடுக்கில் மட்டுமே ஒட்டியிருப்பதால், அவை பருத்துப் பாரமாகும்போது காற்றில் பிய்ந்து விழும். 2008 நவம்பரின் நிஷாவுக்கும் 2020 டிசம்பரின் புரெவிக்கும் பிறகு புயலென்றாலே நமக்கு அச்சம். அந்த அச்சத்தில் ஐப்பசியில் மொட்டையடிக்கப்படும் மரம் அவ்வாண்டு தப்பும், சில ஆண்டுகள் கழித்து முன்னிலும் ஆபத்தாக நிற்கும். சுண்ணாம்புக்கல்மேல் கிடக்கும் மெல்லிய மண்ணில் வேர் ஆழம் போகாத இடங்களில், காற்றின் நெம்புவிசையைக் குறைக்க நீண்ட கிளைகளின் நுனியைச் சுருக்குவதே தக்க வழி. மாவுக்கு அதைப் பழம் ஓய்ந்தவுடன் செய்வது நல்லது, ஏனெனில் பின்னர் வளரும் தளிர்கள் முற்றியே அடுத்த பருவம் பூக்கும். முசுறு எறும்புக் கூடுகளும் கண்ணிற் பட்டால் எரியும் மாம்பாலும் ஏறுபவரின் பங்கு.

நுனிவேலைக்கு ஒரு பொருளாதாரச் சிக்கலும் உண்டு. நமது ஊரில் மரவேலையின் கூலியை மக்கள் முற்றத்தில் குவியும் குழையைப் பார்த்தே மதிக்கிறார்கள். அரை நாள் கயிற்றில் தொங்கி நுனிகளைச் சுருக்கினால் கீழே விழுவது ஆடுகளுக்கு ஒரு வேளைத் தீனிதான். அரை மணியில் மூன்று பெருங்கிளைகளைத் தள்ளியவர் லொறியை நிரப்பிக் காட்டுவார். ஆகவே இப்போது ஏறுமுன்பே எந்தக் கிளை, எவ்வளவு நீளம் என்று தரையில் நின்று காட்டி விலை பேசுகிறேன். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்கச் சொல்பவர்களிடம் பிரதேச செயலகத்தின் அனுமதியை முதலில் கேட்கிறேன். மின்கம்பி ஊடாகச் செல்லும் மரத்தில், மின்சார சபை இணைப்பைத் துண்டிக்கும்வரை கயிறு வீசுவதில்லை. போர்க்காலச் செல்துண்டு புதைந்திருக்கக்கூடிய பழைய மரங்களில் மோட்டார் வாளுக்குப் பதில் கைவாளையே எடுக்கிறேன். இவற்றைக் கேட்டபின் வேறு ஆளைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.