கூண்டில் ஏறி என் பெயரையும் சொன்னேன்

நான் மாட்டியிருந்த கொலை வழக்கில் வாக்குமூலம் கொடுக்கப் போயிருந்தேன். மாஜிஸ்திரேட் முதலில் என்னைக் கூட்டிவந்த போலீஸ்காரர்களை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திய பிறகும் ஜன்னலோரம் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது. "அவரையும் அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க" என்று எழுத்தரிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் மாஜிஸ்திரேட். போலீஸ் இல்லை. நீங்க எதுவும் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. சொன்னா அது உங்களுக்கு எதிராகவே சாட்சியமா வரலாம். புரியுதா?" என்றார்.

பதினோரு வருடம் என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர்களைத்தான் பார்த்திருந்தேன். போலீஸும் அப்படித்தான், 'அண்ணன்' என்று நாங்கள் கூப்பிட்ட எங்கள் கூட்டத் தலைவரும் அப்படித்தான். 'நீங்க' என்று கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடித்தார்களா, மிரட்டினார்களா, விடுதலை வாங்கித் தருகிறோம் என்று யாராவது ஆசை காட்டினார்களா, ஜெயிலில் எத்தனை நாளாக இருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முடிந்ததும் வாக்குமூலத்தை எடுக்காமலே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். யோசிக்க நேரம் தரவேண்டுமாம். குறைந்தது இருபத்திநாலு மணி நேரமாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1957இலேயே ஒரு பஞ்சாப் வழக்கில் சொல்லியிருக்கிறது என்று என் வக்கீல் பிறகு சொன்னார். அந்த இரவு என்னை ஜெயிலில் தனி அறையில் வைத்தார்கள். போலீஸ் யாரும் கிட்டே வரவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நீளமான இரவு அதுதான்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. பத்தொன்பது வயதில் அண்ணனுக்கு வண்டி ஓட்டப் போனேன். பிறகு வசூல், கட்டப் பஞ்சாயத்து, அடிதடி. கடைசியில் ஒரு கொலை. ஓர் இடத்துக்கான தகராறில், எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று நின்ற ஒருவரை முடித்துவிட அண்ணன் சொன்னார். நான் வெட்டவில்லை. ஆனால் அவரைப் போன் செய்து வெளியே வரவழைத்தவன் நான். என்னை அவருக்குத் தெரியும், அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவேன். உறவு எதுவும் கிடையாது, பழக்கம்தான். "மாமா, ஒரு நிமிஷம் வாங்க, நேர்ல பேசி முடிச்சுக்கலாம்" என்றேன். என் குரலை நம்பி வந்தார்.

2018 தொடக்கத்தில் பிடிபட்டேன். ஏ7, அதாவது வழக்கில் ஏழாவது எதிரி. முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. வக்கீலை அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக்கும் பணம் போனது. பிறகு அது குறைந்தது. ஒருநாள் மனைவி ஜெயிலில் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தபோது, "ஆள் வந்து சொல்லிட்டுப் போறாங்க, உங்க வாய்தான் எங்க உயிராம்" என்றாள். பணம் கொடுத்த அதே ஆள்தான் அதையும் சொல்லியிருக்கிறான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு பணயக் கைதியாக என் குழந்தையை வைத்திருந்தேன்.

இதே நிலைமையில் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன், இது மட்டும் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் நிறையப் பயம் மிச்சமாகியிருக்கும். கூட்டம் வைத்துக் கொடுத்த வக்கீலிடம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஜெயிலுக்குள்ளேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அனுப்பும் வக்கீல் அங்கே வருவார். நான் அவரிடம்தான் போனேன். சிறு வயதுக்காரர். நான் சொன்னதைப் பாதி கேட்கும்போதே பேனாவை மூடி வைத்துவிட்டு, "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. போலீஸ் யாரும் உங்களுக்கு மன்னிப்பு கொடுக்க முடியாது. கொடுக்கிறேன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. அது கோர்ட் கொடுக்கிறது" என்றார்.

அதுதான் சட்டம். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 306ஆவது பிரிவு. செஷன்ஸ் கோர்ட் மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றம், அல்லது ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால், அதில் பங்கிருந்தவனுக்கு நீதிமன்றம் மன்னிப்பு தரலாம். புலன்விசாரணையில் இருக்கும்போதே தலைமை நீதித்துறை நடுவர் தரலாம், வழக்கு செஷன்ஸுக்குப் போன பிறகு செஷன்ஸ் கோர்ட்டே தரலாம். நிபந்தனை ஒன்றுதான்: தனக்குத் தெரிந்த அனைத்தையும், அதில் பங்கிருந்த ஒவ்வொருவரைப் பற்றியும், முழுமையாகவும் உண்மையாகவும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1இலிருந்து புதிய சட்டம் வந்து இதெல்லாம் 343 முதல் 345 வரையிலான பிரிவுகளாகிவிட்டன. மாஜிஸ்திரேட்டிடம் நான் கொடுத்த வாக்குமூலம் அப்போது 164ஆவது பிரிவு, இப்போது 183. எண்தான் மாறியது, சாரம் அதேதான்.

'முழுமையாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்தப் போன் யார் செய்தது என்று போலீஸுக்குத் தெரியாது. எண் கிடைத்திருந்தது. அதற்காகவே வாங்கி, பிறகு உடைத்துப் போட்ட சிம். எங்களோடு இருந்த இன்னொருவன் செய்திருப்பான் என்று அவர்கள் நம்பினார்கள். அவன் கைதாகும் முன்பே விபத்தில் இறந்துபோயிருந்தான். மறுத்துப் பேச ஆளில்லை. வக்கீலிடம் முதல் தடவை பேசியபோது நானும் அவன்மேல்தான் போட்டேன். வண்டி ஓட்டியது நான், போன் செய்தது அவன் என்று. சொல்லும்போது லேசாகக்கூட இருந்தது.

அந்த யோசிக்கும் இரவில் இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சட்டப் பயமும் இருந்தது, மறைக்கவில்லை. அப்ரூவர், அதாவது மன்னிப்பு வாங்கி அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர், வேண்டுமென்றே ஏதாவது மறைத்தார் அல்லது பொய் சொன்னார் என்று அரசு வழக்கறிஞர் சான்று கொடுத்தால் மன்னிப்பு போய்விடும், அதே கொலை வழக்கில் என்னைத் தனியாக விசாரிக்கலாம், நான் கொடுத்த வாக்குமூலமே எனக்கு எதிராக வரும். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று உறுத்தியது. அண்ணனைப் பற்றி எல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன். வெட்டிய மூன்று பேர் பெயரும் நாக்கு நுனியில் இருந்தது. என் பெயர் மட்டும் வர மறுத்தது. அப்படியானால் நான் அந்த வாழ்க்கையை எங்கே விட்டேன்? ஆள்தானே மாறுகிறது?

மறுநாள் மாஜிஸ்திரேட் திரும்பவும் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். பிறகு, "சரி, சொல்லுங்க" என்றார். நான் போனில் இருந்து ஆரம்பித்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. எழுதியதை வாசித்துக் காட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். 'மாமா' என்ற வார்த்தை இருந்த பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது என் கை வியர்த்து மசி கொஞ்சம் இழுபட்டுவிட்டது. மூன்று வருடம் கழித்துக் கோர்ட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டியபோதும் அந்த இழுவை அப்படியே இருந்தது.

பிறகு மன்னிப்பு மனு, அதன்மேல் விசாரணை, உத்தரவு. மன்னிப்பு ஏன் தருகிறேன் என்ற காரணத்தை நடுவர் எழுத வேண்டும். நான் ஏற்றுக்கொண்டேனா என்பதையும் எழுத வேண்டும். இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது: குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்கள் விண்ணப்பித்தால் அந்தப் பதிவின் நகலை அவர்களுக்கு இலவசமாகவே கொடுக்க வேண்டும். அதாவது அந்த நாளிலிருந்து அண்ணனுக்குத் தெரியும். குடும்பத்தை நகர்த்துவதாக இருந்தால் அதற்கு முன்னால் நகர்த்திவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. உத்தரவு வந்த ஒன்பதாம் நாள் இரவு என் வீட்டுக் கதவை யாரோ உதைத்தார்கள். மனைவியும் பிள்ளையும் விடியும்வரை குளியலறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மன்னிப்பு கிடைத்தால் வெளியே வந்துவிடலாம் என்றுதான் வெளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால் ஒழிய, வழக்கு முடியும்வரை அப்ரூவர் காவலிலேயே இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. காட்டிக்கொடுக்கப்பட்ட ஏ1, அதாவது அண்ணன், ஜாமீனில் வெளியே, காட்டிக்கொடுத்த நான் உள்ளே. சில உயர் நீதிமன்றங்கள் அபூர்வமாக ஜாமீன் கொடுத்திருக்கின்றன. எனக்குக் கிடைக்கவில்லை. வேறு ஜெயிலுக்கு மாற்றித் தனி பிளாக்கில் வைத்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து கோர்ட்டும் படுத்தது, மனு பார்ப்பதும் நின்றது. மகளை மாதக்கணக்கில் வீடியோ காலில்தான் பார்த்தேன். கொடுமை என்றால் அதுதான்.

குடும்பத்தைக் காப்பாற்றியது சாட்சி பாதுகாப்புத் திட்டம். 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அதை நாடு முழுவதுக்கும் சட்டம்போல நடைமுறைப்படுத்தச் சொன்னது. கதவு உதைபட்ட கொஞ்ச மாதத்தில் அது வந்தது என் அதிர்ஷ்டம். மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும், அங்கே மனு போட வேண்டும். டி.எஸ்.பி. நிலையில் இருப்பவர் ஐந்து வேலை நாளில் அச்சுறுத்தல் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை மூன்று வகைப்படும். உயிருக்கே ஆபத்து என்றால் 'ஏ' வகை, எங்களுக்கு அதுதான் வந்தது. இடம் மாற்றினார்கள், போன் எண் மாறியது. உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான். அதற்குள் மறுபடி பார்த்து நீட்டிக்க வேண்டும். தேதியை நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. வழக்கில் நான் சொன்ன சாட்சியத்தை எல்லோரும் பேசுகிறார்கள். அவள் போட்ட வட்டங்கள் இல்லாவிட்டால் நான் கூண்டுவரை வந்திருக்க மாட்டேன்.

அந்தத் தனி பிளாக்கில் இருந்தபோது வக்கீல் இத்தாலியில் நடந்த ஒன்றைச் சொன்னார். தொம்மாசோ புஷேத்தா என்ற மாஃபியா ஆள் 1984இல் நீதிபதி ஜோவானி ஃபால்கோனேயிடம் எல்லாம் சொன்னார், அதை வைத்துப் பலெர்மோவில் 1986இல் தொடங்கிய பெரிய வழக்கு 1987 டிசம்பரில் முடிந்து 338 பேருக்குத் தண்டனை ஆனது. நான் பிடித்துக்கொண்டது வேறொன்றை. அரசியல்வாதிகளுக்கும் மாஃபியாவுக்கும் இருந்த தொடர்பைப் பற்றிப் பேச அவர் அப்போது மறுத்துவிட்டார். 1992இல் ஃபால்கோனே கொல்லப்பட்ட பிறகுதான் அதைத் திறந்தார். அத்தனை பெரிய ஆளுக்கே ஒரு பக்கம் ரொம்ப நாள் மூடியிருந்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகு என் அந்த இரவைப் பற்றி எனக்கிருந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

2022இல் தீர்ப்பு. ஐந்து பேருக்கு ஆயுள். அப்பீல் போகிறது. நான் வெளியே வந்தேன், ஆனால் மன்னிப்பு அந்த ஒரு வழக்குக்கு மட்டும்தான். பழைய அடிதடி வழக்குகள் இரண்டு அப்படியே இருந்தன. ஒன்றில் விடுதலை, இன்னொன்றுக்கு இன்னும் வாய்தா போய்க்கொண்டிருக்கிறேன். வேலை கேட்டுப் போன இடங்களில் பாதியில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு லேத் பட்டறையில் இருக்கிறேன். முதலாளிக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டேன்.

சாட்சி சொன்ன நாளைப் பற்றி வரிசைப்படி முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை, அதனால் கடைசிக்குத் தள்ளினேன்.

மறைப்புத் திரை வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களை நான் அடையாளம் காட்ட வேண்டும், அதற்கு அவர்களைப் பார்த்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றேன். அண்ணன் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். விரலை நீட்டிக் காட்டினேன். அவர் முகத்தில் எதுவும் இல்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை.

குறுக்கு விசாரணை இரண்டு நாள். உடந்தையாக இருந்தவன் சொல்வதை மற்ற ஆதாரங்கள் தாங்கினால்தான் நம்ப வேண்டும் என்பது கோர்ட்டின் நெடுநாள் வழக்கம், அதனால் என்னைப் பொய்யன் என்று காட்டினால் போதும் அவர்களுக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் போனைத்தான் கையில் எடுத்தார்.

"மாமா மாமான்னு கூப்பிட்டு அந்த மனுஷனைச் சாகடிச்சது நீதானே?"

"ஆமாங்க ஐயா."

"உன்னை நம்பி வந்தாரு?"

"ஆமாங்க."

"அப்படிப்பட்ட உன்னை இந்தக் கோர்ட் நம்பணுமா?"

அந்தக் கேள்வி வேண்டாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். சிம் கார்டு வாங்கிய இடம், டவர் காட்டிய நேரம், அழைப்பு நாற்பத்தியொரு விநாடி நீடித்தது, எல்லாம் நான் சொன்னதோடு பொருந்தியது. இறந்துபோனவன்மேல் போட்டிருந்தால் அங்கேயே உடைந்திருக்கும். அந்த நேரத்தில் அவன் வேறொரு டவரில் இருந்திருக்கிறான்.

மதியம் எஸ்கார்ட் என்னை வராந்தா வழியாகக் கூட்டிப்போனது. இறந்துபோன மாமாவுடைய மனைவி தூணோரம் நின்றிருந்தார். வாய்தா தவறாமல் வருபவர். போலீஸ்காரர் நடுவில் கையை நீட்டித் தடுத்தார். அந்த அம்மா கிட்டே வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"போன் வந்ததும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனாரு. யாரு, என்ன சொன்னாங்கன்னு மூணு வருஷமா யோசிக்கிறேன். என்ன சொன்ன?"

நான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், அன்றைக்குப் போனில் சொன்னது போலவே. அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.