காரைக்குடியில கட்டுன செவன்: ஓம்னி எஞ்சினை இறக்கிட்டு ஈகோ எஞ்சின் ஏத்துன அனுபவம்

லோட்டஸ் செவன் (மேல்கூரை இல்லாத, ரெண்டு பேர் உக்கார்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி ஒரு கார் சொந்தமா கட்டணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த எஞ்சின் போடலாம், எத்தனை குதிரை சக்தி வரும்னுதான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. எஞ்சின் நீளவாக்குல உக்காந்திருக்கா, பின் சக்கரத்துக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சக்தியைப் பின்னாடி கொண்டு போற நீளத் தண்டு) போகுதா, இதுதான் முதல்ல பாக்க வேண்டியது. நம்ம ரோட்டுல ஓடுற சின்ன கார் பெரும்பாலும் எஞ்சினைக் குறுக்க வெச்சு முன் சக்கரத்தை ஓட்டுற டைப். ஸ்விஃப்ட் எஞ்சின் எவ்வளவு நல்லா இருந்தாலும் அதோட கியர்பாக்ஸை செவனோட ஒல்லி மூக்குக்குள்ள அப்படியே வைக்க வழியில்ல. அப்படிக் கழிச்சுக்கிட்டே வந்தா மாருதியில மிஞ்சுறது ஓம்னி, வெர்சா, ஈகோ வேனுங்க, ஜிப்சி ஜீப்பு மாதிரி சிலதுதான்.

வேன் எஞ்சின்ல ஸ்போர்ட்ஸ் காரான்னு நிறைய பேர் முகம் சுளிச்சாங்க. செவனை 1957-ல லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் கொண்டு வந்ததே எடை கம்மியா, விலை கம்மியா, வீட்டுலயே பூட்டிக்கிற மாதிரி ஒரு கார் வேணும்னுதான். 1973-ல அந்த டிசைனோட உரிமை கேட்டர்ஹாம்ங்கற இங்கிலாந்து கம்பெனி கைக்குப் போச்சு, அவங்களே 2013-ல அறிவிச்ச சின்ன மாடல்ல சுசுகியோட 660 சிசி டர்போ எஞ்சின் தான் இருந்துச்சு, மூணு சிலிண்டர், 80 குதிரை சக்தி, பின் ஆக்சிலும் சுசுகியோடதுதான், மொத்த எடை 490 கிலோ. அதைப் படிச்ச அன்னைக்கே எனக்கு ரூட் தெளிவாயிருச்சு. அவங்களே சுசுகி போடும்போது நாம காரைக்குடியில உக்காந்துக்கிட்டு செவன்ல வழக்கமா போடுற ஃபோர்டு எஞ்சினை எங்க போய்த் தேடறது.

முதல்ல கட்டுனது ஓம்னியை வெச்சுத்தான். 796 சிசி, 35 குதிரை சக்தி பக்கம் வரும், ஆனா கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஸ்டீயரிங் ரேக் எல்லாம் ஒரே வண்டியில கிடைக்குது, ஆக்சில் அகலமும் கம்மி, செவனோட ஒடம்புக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. சேசிஸ் 25 எம்எம் சதுரப் பைப், 1.6 எம்எம் தடிமன். கழனிவாசல் பக்கம் கிரில் கேட் அடிக்கிற அண்ணன் ஒருத்தர்தான் வெல்டிங். அவர்கிட்ட நான் கெஞ்சிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அண்ணே, எல்லா ஜாயிண்ட்டும் முதல்ல டேக் மட்டும் வைங்க, முழுசா வெல்டு ஓட்டாதீங்க"ன்னு. டேக்னா அங்கங்க புள்ளி மாதிரி சின்னதா ஒட்டறது. கேட்டுக்கு அந்த அவசியம் கெடையாது, இதுக்கு ஒரு பக்கம் முழுசா ஓட்டிட்டா சூட்டுல பைப் இழுத்துக்கும், மூலைவிட்ட அளவு ரெண்டும் ஒத்து வராது, அப்புறம் நாலு சக்கரமும் நாலு திசை பாக்கும். இரும்பு சேனல்ல ஒரு மேடை போட்டு லெவல் பாத்து, அதுலயே கிளாம்ப் பண்ணி, டேக் வெச்சு, திரும்பத் திரும்ப மூலைக்கு மூலை அளந்து, அப்புறம்தான் முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஓட்டுனாரு. அருமையான கை அவருக்கு. சேசிஸை மேடையில இருந்து எடுத்ததுக்கு அப்புறமும் ரெண்டு மூலைவிட்டமும் ஒண்ணாவே நின்னுச்சு.

அலுமினியத் தகடு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஊர்ல சிக்ரி இருக்கு, 1953-ல திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருப்பிடிப்பு ஆராய்ச்சிக்குப் பேர் போன இடம். அங்க வேலை பாத்து ரிட்டயர் ஆன ஐயா ஒருத்தர் எங்க தெருவுல இருக்காரு. வந்து பாத்துட்டு, "இரும்பு மேல அலுமினியத்தை நேரா ரிவிட் அடிச்சா நடுவுல ஈரம் புகுந்து அலுமினியம்தான்ப்பா முதல்ல போகும், ரெண்டும் தொடவே கூடாது"ன்னாரு. அதனால பைப்புக்கு எப்பாக்சி பிரைமர், பெயிண்ட், அதுக்கு மேல சீலன்ட் இழுத்து அப்புறம் தகடு. கட்டுறவங்க யாரா இருந்தாலும் இதைப் பண்ணுங்க, செலவு ரொம்பக் கம்மி.

இப்போ மூக்கு, மட்கார்டு ரெண்டையும் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இந்தக் கார்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அதுதான். ஃபைபர்ல வார்க்கணும்னா முதல்ல அதே வடிவத்துல ஒரு மாதிரி செய்யணும், அது மேல மோல்டு எடுக்கணும், மோல்டுக்குள்ளதான் நிஜப் பீஸ் போடணும். மாதிரி எந்த அளவுக்கு வழவழன்னு இருக்கோ அந்த அளவுக்குத்தான் கார் இருக்கும். கார் பட்டறைக்காரங்க யாரும் ஒத்துக்கல. கானாடுகாத்தான் பக்கம் கோயிலுக்கும் பழைய வீட்டு முகப்புக்கும் சுதை வேலை செய்யற பெரியவர்கிட்ட போனேன். ஃபோட்டோவை ரொம்ப நேரம் பாத்தாரு, "இது என்ன தம்பி, யாளி மொகமா"ன்னு கேட்டாரு, "இல்லைங்கய்யா, காரோட மூக்கு"ன்னேன், "வளைவு இருக்குல்ல, அது போதும்"னுட்டாரு. ஆசாரி ஒருத்தர் பலகையில குறுக்குவெட்டு எலும்பு அடிச்சுக் கொடுத்தாரு, அது மேல வலை கட்டி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, பெரியவர் கரண்டியாலயே அந்த வளைவைக் கொண்டு வந்தாரு. சாயங்காலம் இருட்டுனதும் ஒரு டியூப்லைட்டை மேற்பரப்புக்குப் பக்கவாட்டுல பிடிக்கச் சொல்லி, வெளிச்சக் கோடு எங்க நெளியுதோ அங்க மட்டும் தேய்ச்சாரு. பட்டறைகள்ல பெயிண்டர்கள் பள்ளம் பாக்குறதும் இதே மாதிரிதான், அவரு அதை வீட்டுச் சுவர்ல பழகியிருக்காரு. செட்டிநாட்டுச் சுவரைக் கண்ணாடி மாதிரி ஏத்துன பரம்பரைக் கை அது, அந்த மூக்கைத் தடவிப் பாத்தவங்க யாரும் கையை எடுக்கல.

மாதிரி உள்ளுக்குள்ள முழுசா காயணும், ஈரம் இருந்தா மேல போடுற ஜெல்கோட் (வழவழப்பான முதல் பூச்சு) சரியா இறுகாது. காய்ஞ்சப்புறம் சீலர், மெழுகு பல கோட்டு, கடைசியா மோல்டு ஒட்டாம பிரியறதுக்கு பிவிஏ திரவம். வெயில் விஷயத்துல எங்க ஊருக்காரங்க கூடுதலா கவனிக்கணும். ஃபைபரை ஒட்டுற ரெசினுக்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் வழக்கமா 1லிருந்து 2 சதவீதம்னு சொல்லுவாங்க, சித்திரை வைகாசியில இங்க 2 சதவீதம் ஊத்துனா கலக்குற குவளையிலயே கெட்டியாயிரும், 1 சதவீதம் பக்கம் வெச்சு விடியக்காலையில வேலையை முடிச்சிரணும். இன்னொண்ணு, உயிர் சம்பந்தப்பட்டது: கோபால்ட்டையும் (ரெசின் சீக்கிரம் இறுக ஊத்துற திரவம்) எம்இகேபி ஹார்டனரையும் ஒருநாளும் நேரடியா ஒண்ணா கலக்காதீங்க, வெடிச்சிரும். கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலக்கி முடிச்சப்புறம்தான் ஹார்டனர். ரெண்டு பாட்டிலையும் தனித்தனி அலமாரியில வைங்க.

ஓம்னி எஞ்சினோட கார் ஓடுச்சு. சந்தோஷமாத்தான் ஓடுச்சு, ஆனா அந்த சேசிஸ் இன்னும் கேட்டுச்சு, அது ஓட்டுறவனுக்குத் தெரியும். அதான் பழைய மாடல் ஈகோ எஞ்சின். 1196 சிசி, நாலு சிலிண்டர், 73 குதிரை சக்தி, அறுநூறு கிலோ கூட வராத காருக்கு அது ஓம்னியை விட ரெண்டு மடங்கு.

இதுல என்னோட உறுதியான கருத்து, எஞ்சினை மட்டும் வாங்காதீங்க, வண்டியா வாங்குங்க. முன்பக்கம் அடிபட்ட ஈகோ ஒண்ணு கிடைச்சுது, எஞ்சின் சீட்டுக்கு அடியில இருக்கறதால முன்னாடி நசுங்கியும் எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. சாவி, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), வயரிங், சென்சார், பெட்ரோல் பம்பு எல்லாம் ஒரே குடும்பமா வரும், ஒண்ணு மாறுனாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடியே ஓட விட்டு எண்ணெய் பிரஷரும் சத்தமும் பாத்துக்கிட்டேன். வண்டியை உடைச்சாச்சுன்னா ஆர்சி ரத்து பண்றதுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு. அதைத் தள்ளிப் போடாதீங்க, உடைச்ச வண்டி நம்பரை வெச்சு நாளைக்கு யாராவது எதாவது பண்ணா கேள்வி உங்ககிட்ட வரும்.

வயரிங்குக்கு ஒரு மாஸ்கிங் டேப்பும் மார்க்கரும் எடுத்துக்கிட்டு உக்காந்து ஒவ்வொரு கப்ளரையும் (வயர் இணைப்பு) கழட்டுறதுக்கு முன்னாடி எங்க இருந்து எங்க போகுதுன்னு எழுதி ஒட்டி ஃபோட்டோவும் எடுத்துக்கணும், அப்புறம் கதவு, வைப்பர், ஹீட்டர் வயரையெல்லாம் ஒவ்வொண்ணா உருவி எறியணும். பொறுமை வேணும், வேற ஒண்ணும் வேணாம்.

எஞ்சின் எங்க உக்காரணும்னு பாக்க நிஜ எஞ்சினைத் தூக்கித் தூக்கி இறக்காதீங்க. காயலாங்கடையில இருந்து உடைஞ்ச காலி பிளாக் ஒண்ணும் கியர்பாக்ஸ் கூடும் வாங்குனா ரெண்டு பேரே தூக்கி நகத்தலாம். பின்னாடி தள்ள முடிஞ்ச அளவுக்குத் தள்ளணும், எடை நடுவுக்கு வரும். ஸ்டீயரிங் ராடும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் வருதான்னு இந்தக் கட்டத்துலயே பாத்துருங்க. வேனுக்கு ஆழமான எண்ணெய் சம்ப் (எஞ்சினுக்கு அடியில எண்ணெய் தேங்குற தொட்டி) பரவாயில்ல, செவனுக்கு அது சேசிஸுக்குக் கீழ தொங்கும், ஒரு வேகத்தடை போதும் மொத்த எண்ணெயும் ரோட்டுல. அதனால சம்ப்பை வெட்டி ஆழத்தைக் குறைச்சு, குறைஞ்ச கொள்ளளவை ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி அகலப்படுத்தி ஈடு கட்டினோம், உள்ள தடுப்புத் தகடு வெச்சோம், வளைவுல எண்ணெய் ஒரு பக்கமா ஓடி, எண்ணெயை இழுக்குற ஸ்ட்ரெய்னர் காத்தை உறிஞ்சக் கூடாதுல்ல. ஸ்ட்ரெய்னருக்கும் சம்ப் அடிப்பாகத்துக்கும் நடுவுல 10 எம்எம் மாதிரி இடைவெளி.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மதுரையில கொடுத்து நீளம் குறைச்சு பேலன்ஸ் பண்ணி வாங்குனேன். ஊர்லயே லேத்துல வெட்டி ஒட்டிரலாம்தான், பேலன்ஸ் இல்லாத ஷாஃப்ட் உங்க தொடைக்குப் பக்கத்துல சுத்தப் போகுதுங்கறதை நெனச்சுக்குங்க. ஷாஃப்ட் கியர்பாக்ஸ்ல இருந்து வெளிவர்ற கோணமும் அது போய்ச் சேர்ற ஆக்சில் பினியன் கோணமும் இணையா இருக்கணும், இல்லைன்னா எவ்வளவு பேலன்ஸ் பண்ணாலும் அதிரும்.

கூலிங். செவன் மூக்கு சின்ன வாய், எங்க ஊரு வெயில் பெருசு. ரேடியேட்டர் எஞ்சினை விடத் தாழ்வா உக்காரும், அதனால எக்ஸ்பான்ஷன் டேங்க்கை மொத்த சிஸ்டத்துலயும் உயரமான இடத்துல ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நமக்கும் நடுவுல இருக்குற தகடு) மேல வெச்சு, காத்து போக தனியா சின்ன ஹோஸ் விட்டோம். ஃபேனுக்கு ரேடியேட்டர் முழுசும் மூடுற மாதிரி தகட்டுக் கூடு அடிச்சோம், நின்னுக்கிட்டே இருந்தாலும் இப்போ சூடு ஏறல.

பிரேக்குக்கு மிதியை லேசாக்குற பூஸ்டர் இல்ல, இந்த எடைக்குத் தேவையும் இல்ல, சின்ன விட்டம் உள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டா கால்லயே நல்ல உணர்வு வருது, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட். எஞ்சின் மாத்துனதும் எடைப் பங்கு மாறும், பிரேக் சமநிலையையும் திரும்ப செட் பண்ணணும், நிறைய பேர் இதைத் தொடறதே இல்ல.

சட்டத்தை நேரா சொல்லிடறேன். இது ரோட்டுல ஓட்டுற கார் இல்ல. நம்ம நாட்டுல ஒரு வண்டி மாடலை விக்கணும், பதிவு பண்ணணும்னா மத்திய மோட்டார் வாகன விதி 126 படி அங்கீகரிச்ச சோதனை நிலையத்துல அந்த மாடலுக்கு ஒப்புதல் வாங்கணும், தனி ஆள் ஒரே ஒரு காருக்கு அதைப் பண்றது நடக்கற காரியம் இல்ல. பதிவான காரை எடுத்து உருவத்தை மாத்தலாமேன்னா, 52-வது பிரிவு அதுக்கும் விடாது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அமைப்பை ஆர்சிக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு தெளிவா சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமேன்னும் இருக்கு. டிஎன் 63-னு வேற வண்டி நம்பரை மாட்டிக்கிட்டு ராத்திரி ராமேஸ்வரம் ரோட்டுல பறக்கலாம்னு யோசனை சொன்ன பசங்களை நான் திட்டித்தான் அனுப்புனேன். ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ் இல்ல, எதிர்ல வர்ற குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது?

அதனால ஓட்டுறதுக்கு ரெண்டு இடம். முதல் சோதனை எல்லாம் புதுவயல்ல தெரிஞ்சவங்க ரைஸ் மில் களத்துல, நெல் காயப் போடாத நாள் பாத்து. நல்ல சிமெண்ட் தரை, சுத்துச் சுவர், பிரேக், கியர், லீக் பாக்க அதை விட வசதி இல்ல. மில் ஓனர் அண்ணன் எண்ணெய் ஒரு சொட்டு விழக் கூடாதுன்னு மட்டும் சொன்னாரு, கீழ தார்ப்பாய் விரிச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணோம். களம் தாங்குனதுக்கு அப்புறம் டாடா ஏஸ்ல ஏத்திக் கட்டி கோயமுத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்த ட்ராக்குக்குப் பேர் வெச்சதே கரிவரதன் ஞாபகமாத்தான், அவரு மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதி கார் கட்டி எத்தனையோ பேரை ரேஸ்ல இறக்கி விட்டவர், 1995-ல விமான விபத்துல போய்ட்டாரு. இன்னைக்கும் எல்ஜிபி ஃபார்முலா 1300 கார்ல ஓடுறது எஸ்டீம் எஞ்சின்தான். சாதா மாருதி எஞ்சினை ரேஸ் காராக்குற பழக்கம் தமிழ்நாட்டுல ஏற்கனவே நல்லா வேர் விட்ட ஒண்ணு, அந்த மண்ணுல என் காரை இறக்குறப்போ பெருமையா இருந்துச்சு. ரோல் பார் (கார் கவுந்தா தலையைக் காப்பாத்துற குழாய்), நாலு முனை பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான் இல்லாம யாரும் ஏற வேணாம், பயணியா இருந்தாலும்.

ட்ராக்குல ஈகோ எஞ்சின் ஓம்னியை மறக்க வெச்சிருச்சு, வளைவு விட்டு வெளிய வர்றப்போ மூணாவது கியர்ல இழுக்குற இழுப்பு அப்படி. மிச்சம் இருக்கறது டிஃபரன்ஷியல் ரேஷியோ. சரக்கு இழுக்க வேனுக்குப் போட்ட பல்லு இது, முதல் கியர் நகர்றதுக்குள்ள முடிஞ்சிருது, ட்ராக்குல நேரா போறப்போ டாப் கியர்லயும் எஞ்சின் கத்துது. இதை விட ரேஷியோ கம்மியான கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்குற பல்சக்கர ஜோடி) இந்த ஹவுசிங்குக்குள்ள உக்காருமான்னு அளந்துக்கிட்டு இருக்கோம், உக்காரலைன்னா ஜிப்சி பின் ஆக்சிலை எடுத்து ரெண்டு பக்கமும் அகலம் குறைச்சுப் போடறதாத் திட்டம். ஜிப்சி ஆக்சிலை இப்படி வெட்டி அனுபவம் உள்ளவங்க காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை பக்கம் இருந்தா சொல்லுங்க, வண்டியோட நானே வர்றேன்.