ஜிம்மிலிருந்து வந்த பிறகு என்ன சாப்பிடுவது: எட்டு மாத அனுபவம்

கடந்த ஜூன் மாதம் ஜிம்மில் சேர்ந்தபோது என் எடை 76.2 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர், வயிற்றுச் சுற்றளவு 96 சென்டிமீட்டர், வயது 39. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று விளக்கிய மருத்துவர், மாத்திரை எதுவும் எழுதாமல், ஆறு மாதத்திற்குள் ஐந்து கிலோவாவது குறைத்துவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினார்.

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் வேலை எனக்கு. காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டிக்கொடுத்துப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, ஒன்பதரைக்கு அலுவலகம் போய்ச் சேருவதே பெரும்பாடு என்பதால், உடற்பயிற்சிக்குக் கிடைத்த ஒரே நேரம் மாலை ஆறே முக்கால் முதல் ஏழே முக்கால் வரை நடக்கும் பெண்கள் பிரிவுதான். வீட்டுக்கு வரும்போது மணி எட்டாகிவிடும். அப்போது என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு இரண்டு மாதத்திற்கு மேல் ஆயிற்று. பயிற்சியைக் காட்டிலும் இதுதான் கடினமாக இருந்தது.

முதல் மூன்று வாரம் நான் இரவில் எதுவும் சாப்பிடவில்லை. ஏழு மணிக்கு மேல் வாயில் போடுவதெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும் என்று ஜிம்மில் உடன் பயிற்சி செய்த ஒருவர் அடித்துச் சொன்னார், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். "ராத்திரி பட்டினி கிடந்தா யானைகூட இளைச்சுப் போகும்மா" என்று அத்தை ஒவ்வொரு நாளும் சொல்வார். யானையை இளைக்க வைப்பதற்காகத்தானே மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டுகிறேன் என்று மனத்துக்குள் நினைத்துக்கொள்வேன்.

பத்தே நாளில் 1.8 கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி நீர் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு முதலில் கரையும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அந்த நீரும் சேர்ந்து வெளியேறிவிடும். நானோ கொழுப்புதான் கரைகிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஆனால் இரவு பதினொன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். பூனை மாதிரி அடுக்களைக்குப் போய், மிக்சர் டப்பாவில் ஒரு கை, முறுக்கு இரண்டு, பிள்ளைகள் மீதம் வைத்த பிரெட்டில் ஜாம் தடவி ஒன்று என்று நின்றுகொண்டே தின்பேன். தட்டில் போட்டுச் சாப்பிடாததால் அது கணக்கில் சேராது என்ற நினைப்பு. நாள் முழுவதும் ஊரார் கணக்கைச் சரிபார்க்கும் எனக்கு! மூன்றாம் வாரக் கடைசியில், கையில் எடையுடன் குந்தி எழும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். அன்றோடு அந்தப் பட்டினியை விட்டேன்.

ஜூலையில் நேர்மாறான தவறு நடந்தது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஜூலை 31 கடைசி நாள் என்பதால் எங்கள் அலுவலகத்தில் அந்த மாதம் மூச்சு விட நேரம் இருக்காது. மதிய உணவை ஒன்றேகாலுக்கு முடித்தால், நான்கு மணிக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும், அவ்வளவுதான். அதன்பின் நேராக ஜிம். நாற்பது நிமிடம் டிரெட்மில்லில் நடந்து முடித்ததும் அதன் திரை 390 கலோரி என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் உழைத்த கூலியை வாங்கிக்கொள்ளும் உரிமை வந்துவிட்டதாக ஒரு துணிச்சல் பிறக்கும். மதுரையில் இரவு எட்டு மணிக்கு எந்தத் தெரு வழியாக வீடு திரும்பினாலும் ஒரு பரோட்டாக் கடையையாவது கடக்காமல் வர முடியாது. கல்லில் கொத்துகிற சத்தம் முதலில் கேட்கும், பிறகு சால்னாவின் வாசம் வரும். வாரம் இரண்டு நாள் நான்கு பரோட்டா பொட்டலம் வீட்டுக்கு வந்தது. மற்ற நாள்களில் மூன்று தோசை, பிள்ளைகள் பிய்த்து வைத்த துண்டுகள், நிறைய தேங்காய்ச் சட்னி. ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் நெஞ்சு எரியும்.

இதற்கிடையே புரதம் போதவில்லை என்று பயிற்சியாளர் புரதப் பொடி ஒன்றைப் பரிந்துரைக்க, அதையும் வாங்கினேன். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செய்த பயிற்சி வீண் என்றார். கால் லிட்டர் பாலில் ஒரு கரண்டிப் பொடியும் ஒரு வாழைப்பழமும் போட்டு அடித்துக் குடித்தேன். அது மட்டுமே ஏறத்தாழ 370 கலோரி. அதாவது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. குடிக்கும் பொருள் என்பதால் அதைச் சாப்பாடாக மனம் ஏற்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வழக்கம்போல் தோசையும் உள்ளே போயிற்று. ஆகஸ்ட் முதல் வாரத்தில் எடை 77.1 கிலோ. இரண்டு மாதம் வியர்வை சிந்தியதற்குக் கிடைத்தது, சேர்ந்த நாளைவிட 900 கிராம் அதிகம்.

அழாத குறையாக மருத்துவரிடம் போனபோது, அதே மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அந்த அம்மா எனக்கு எந்த அட்டவணையும் கொடுக்கவில்லை. ஒரு வாரத்திற்கு வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் மணியுடன் எழுதி வரச் சொன்னார். நின்றுகொண்டு தின்பதையும் சேர்த்து. எழுதிக் கொண்டுபோன நோட்டைப் பார்த்துவிட்டு, இரவு உணவைப் பற்றிப் பேசுவார் என்று நான் காத்திருக்க, அவர் பேனாவால் வட்டமிட்டது மதியம் ஒன்றேகாலையும் இரவு எட்டரையையும்தான். "நடுவில் ஏழேகால் மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் கடும் பயிற்சி. எட்டரைக்கு உங்கள் முன்னால் எது இருந்தாலும் அளவாகச் சாப்பிட முடியாதும்மா" என்றார். நான் இரவுச் சாப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரச்சினை அலுவலகத்திலேயே, மாலை ஐந்தரைக்கே, தொடங்கிவிடுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

டிரெட்மில் திரையைப் பற்றியும் கேட்டேன். என் எடைக்கு, மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நாற்பது நிமிடம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 215 கலோரி. அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் ஐம்பதைக் கழிக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினார். மிஞ்சுவது வீட்டில் எண்ணெய் விட்டுச் சுடும் தோசையில் ஒன்றேகால். அந்தக் கணக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏழு மணிக்கு மேல் சாப்பிட்டால் கொழுப்பாகிவிடும் என்பதும், அரை மணிக்குள் குடிக்காவிட்டால் பயிற்சி வீண் என்பதும் இரண்டுமே மிகை என்றார். ஒரு நாள் முழுவதும் உள்ளே போகும் மொத்த அளவும், அதில் புரதம் எவ்வளவு என்பதும்தான் முக்கியம். எட்டரைக்குச் சாப்பிடலாம், ஆனால் படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்பே முடித்துவிட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் உடலைத் திரட்டுவதற்காகப் புரதப் பொடிகளை எடுத்துக்கொள்வதைத் தவிர்க்கவே சொல்கின்றன என்றார். மீதிப் பொடி அலமாரியில் இன்னும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வரவில்லை.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கலோரி என்றும், 62 கிலோவை இலக்காக வைத்து, கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 75 கிராம் புரதம் என்றும் பேசி முடித்தோம். என் நோட்டின்படி நான் அதுவரை சாப்பிட்டு வந்தது 42 கிராமைத் தாண்டவில்லை. எடையைக் குறைக்கும்போது புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும் என்பது எனக்குப் புதிய செய்தி.

முதல் மாற்றம் ஐந்தரை மணிச் சுண்டல். 30 கிராம் கொண்டைக்கடலையை முந்தைய இரவே ஊறப்போட்டு, காலையில் சோற்றுக்கு விசில் விடும் குக்கரிலேயே அடுக்கி வேகவைத்து, கடுகு தாளித்துச் சிறு டப்பாவில் எடுத்துப்போவேன். ஏறத்தாழ 110 கலோரி, ஆறு கிராம் புரதம். கால்களுக்கான பயிற்சி உள்ள நாளில் மட்டும் கூடவே ஒரு சின்ன வாழைப்பழம். முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. ஜிம்மில் கை நடுங்கவில்லை, திரும்பி வரும் வழியில் சால்னா வாசம் வந்தது, ஆனால் வண்டி தானாக ஓரங்கட்டவில்லை.

இரவுத் தட்டை 400 முதல் 450 கலோரிக்குள் வைத்துக்கொண்டேன். பெரும்பாலான நாள் இரண்டு சிறிய இட்லி, பருப்பு தூக்கலாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை, காலையில் செய்த பொரியலில் ஒரு கரண்டி. முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. முன்பு இதே இட்லியில் ஐந்தாறைச் சட்னியோடு சாப்பிட்டபோது புரதம் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தட்டில் அதிகம் இருந்ததில்லை. வாரம் இரண்டு நாள் பச்சைப்பயறு அடை: 50 கிராம் பயறு, இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம்; தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றாமல், டீஸ்பூனில் அளந்து விட்டு. கூட ஒரு கிண்ணம் தயிர். மீன் குழம்பு வைக்கும் நாளில் மீன் நிறைய, சோறு அரைக் கிண்ணம். அசைவம் இல்லாத வெள்ளிக்கிழமைதான் முதலில் திண்டாட்டமாக இருந்தது. மீல்மேக்கரைச் சுடுநீரில் போட்டுப் பிழிந்து மிளகு வறுவலாகச் செய்யலாம் என்று கண்டுபிடித்த பிறகு அதுவும் தீர்ந்தது. உலர்ந்த நிலையில் 30 கிராம் எடுத்தாலே 15 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு டம்ளர் நீர்மோர் குடிப்பதையும் வழக்கமாக்கினேன். பசி என்று நான் நினைத்ததில் பாதி தாகமாக இருந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான மாற்றம் உணவில் இல்லை, யார் முதலில் சாப்பிடுவது என்பதில் இருந்தது. எங்கள் வீட்டில் தோசை ஊற்றுகிறவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். மற்றவர்களுக்கு ஊற்றி முடிப்பதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் கல்லோரத்தில் நின்றபடியே ஒரு தோசைக்குச் சமமான துண்டுகள் வாய்க்குள் போயிருக்கும். நோட்டில் இதைக் கண்டுபிடித்த உணவியல் நிபுணர், வந்தவுடன் உட்கார்ந்து முதலில் நீங்கள் சாப்பிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டார். முதல் நாள் எட்டேகாலுக்கு நான் தட்டோடு உட்கார்ந்தபோது வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே இட்லியை விழுங்கவிடாமல் செய்தது. என் கணவரிடம் அன்றிரவே விவரமாகப் பேசினேன். மறுநாளிலிருந்து அவர் தோசைக்கரண்டியை எடுத்தார். அவர் ஊற்றிய தோசை எந்த நாட்டு வரைபடம் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். இரண்டு வாரம் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "நகருப்பா, மாவை வீணாக்காதே. நீ உட்கார்ந்து சாப்பிடும்மா, பிள்ளைங்களுக்கு நான் ஊத்துறேன்" என்று அடுப்படிக்கு வந்துவிட்டார். என் எடை உண்மையிலேயே இறங்கத் தொடங்கியது அந்த வாரத்திலிருந்துதான்.

இறங்கியது என்றாலும் நேர்கோட்டில் இறங்கவில்லை. ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த மறுநாள் 600 கிராம் கூடும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒரு கிலோ வரை கூடும். கடினமான பயிற்சிக்கு அடுத்த நாள் தசைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அன்றும் கூடும். காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரத்தின் ஏழு எண்களையும் கூட்டிச் சராசரியை மட்டும் எழுதத் தொடங்கிய பிறகு மனம் அடங்கியது. வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடு நெருங்கிய செப்டம்பர் கடைசி வாரத்தில் ஜிம்முக்கு ஒரு நாள்கூடப் போக முடியவில்லை. சுண்டல் மட்டும் நிற்கவில்லை, எடையும் கூடவில்லை. தீபாவளியோடு வந்த அதிரசமும் முறுக்கும் மூன்று வாரம் என்னை 73.4 கிலோவிலேயே நிறுத்தி வைத்தன. இரவு உணவைக் கைவிட்டு அதைச் சரிக்கட்டும் ஆசை வந்தது. ஜூன் மாதத்து மிக்சர் டப்பாவை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜனவரி நடுவில் வாரச் சராசரி 70.9 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், எச்பிஏ1சி 5.8. ஆகஸ்டிலிருந்து கணக்கிட்டால் வாரத்திற்கு 300 கிராம்கூடக் குறையவில்லை. உடன் சேர்ந்தவர்களில் சிலர் இதைவிட வேகமாகக் குறைத்திருக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கான வயிற்றுச் சுற்றளவு வரம்பு 80 சென்டிமீட்டர் என்பதால் எனக்கு இன்னும் பாதிக்கு மேல் வழி இருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் கேட்டதற்காகக் கறி தோசை சாப்பிட வெளியே போனோம். ஐந்தரைக்குச் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு கறி தோசையைப் பொறுமையாகச் சாப்பிட்டேன். இரண்டாவதைச் சொல்லட்டுமா என்று கணவர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை. அத்தைதான் இரண்டு சாப்பிட்டார். அவருக்கும் ஐந்தரைக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கும்படி மறுநாள் காலையில் சொன்னார். இப்போது 60 கிராம் கடலை ஊறுகிறது.