நிழலை அளந்த இரண்டு நாள்கள்

சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிமிர்ந்து நிற்கும் பொருளின் நிழல் மறையும் நிழலில்லா நாளைப் பற்றிய மாநில அளவிலான பயிற்சி ஒன்றில், அறிவியல் ஆசிரியர்கள் நாங்கள் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, திரையில் நிழல் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு எழுந்தோம். வெளியே நல்ல வெயில் இருந்தும் ஒருவரும் ஒரு குச்சியை நட்டுப் பார்க்கவில்லை. அன்று எனக்குக் கிடைத்த ஒரே லாபம், பக்கத்து நாற்காலியில் இருந்த சென்னை ஆசிரியை ஒருவரின் கைப்பேசி எண்.

மதுரையில் என் எட்டாம் வகுப்பில் சூரியன் எப்போது நேர் உச்சிக்கு வரும் என்று கேட்டால், தினமும் பன்னிரண்டு மணிக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். 'உச்சி வெயில்' என்று நாளும் பேசும் மொழியில் பிறந்த பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் மட்டுமே அது நிகழும். அதுவும் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஆகஸ்டில் 12.19 மணியளவில். ஏப்ரலில் தேர்வு இருப்பதால் ஆகஸ்டைத் தேர்ந்தோம். மதுரையில் நிழல் மறையும் அதே நாளில் சென்னையில் எவ்வளவு நிழல் விழுகிறது என்று அளந்தால், பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்ததைப் போலப் பூமியின் அளவையே கணக்கிடலாம் என்பது திட்டம்.

ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயை நிமிர்த்தி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. குழாய் ஒரு பாகை சாய்ந்தாலே அதன் முனை 17 மில்லிமீட்டர் விலகிவிடும். கொத்தனாரின் மகன் ஒருவன் வீட்டிலிருந்து தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டுவந்த பிறகுதான் வேலை நடந்தது.

குறித்த நாளில் மதுரையில் நிழல் குழாயின் அடிக்குள் ஒடுங்கிக் காணாமற்போனது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சென்னையிலோ முழு மேகம். மறுநாள் அங்கே வெயில் வந்தது. ஆனால் சூரியன் அதற்குள் சற்றுத் தெற்கே நகர்ந்திருந்ததால் எங்கள் குழாய்க்கும் 6 மில்லிமீட்டர் நிழல் விழுந்தது. சென்னையில் 12.10 மணியளவில் எடுத்த அளவு 6 சென்டிமீட்டர் என்று ஆசிரியை தொலைபேசியில் சொன்னார்.

கணக்குக்கு முக்கோணவியல் தேவைப்படவில்லை. குழாய்க்கும் சூரிய ஒளிக்கும் இடையிலான கோணம் சிறியது என்பதால், நிழலுக்கும் குழாயின் உயரத்துக்கும் உள்ள விகிதமே இரு ஊர்களுக்கு இடையிலான தொலைவுக்கும் பூமியின் ஆரத்துக்கும் உள்ள விகிதம். முதல் குழு சாலை வழித் தொலைவான 460 கிலோமீட்டரைப் போட்டு 7,667 கிலோமீட்டர் என்று எழுதியது. சாலை வளைந்து செல்லும், நமக்கு வேண்டியது வடக்கு–தெற்குத் தொலைவு மட்டுமே என்று ஒரு மாணவி வாதிட்டு, நிலப்படத்தில் அளவுகோல் வைத்து 350 கிலோமீட்டர் என்று எடுத்தாள். விடை 5,833 ஆயிற்று. நம் ஊர் நிழலைக் கழிக்க வேண்டாமா என்று மூன்றாவதாக ஒருவன் கேட்டான். கழித்தபோது 5.4 சென்டிமீட்டர், ஆரம் 6,481 கிலோமீட்டர். பாடநூல்கள் தரும் மதிப்பு 6,371.

மீதி வேறுபாட்டை அன்று மாலை நானும் அந்த ஆசிரியையும் அரை மணி நேரம் பேசினோம். சூரியன் புள்ளியாக இல்லாமல் வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதால், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் ஓரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் மங்கலாகவே இருக்கும். அவருடைய மாணவர்கள் அதில் எந்த இடத்தில் சுண்ணக்கட்டியை வைத்தார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை, என் பிள்ளைகளிடம் கேட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. அடுத்த முறை மங்கல் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தனித்தனியே குறித்து நடுவை எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். தேர்வு அட்டவணை இடம் கொடுத்தால் ஏப்ரலிலேயே.