சிரக்கியூசில் அறிந்த போதகர்கள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு அமெரிக்கப் போதகர் என்றால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அச்சுக்கூடமும்தான். 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிசனார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியையும் தொடங்கினார்கள். 1841இல் அவர்களுடைய ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது. உடுவிலில் படித்த என் அம்மா அவர்களைப் பற்றி நன்றியோடு மட்டுமே பேசுவார். அவர்கள் விட்டுவந்த நாட்டில் அதே ஆண்டுகளில் அடிமை முறையை முன்னிட்டுச் சபைகளே பிளந்துகொண்டிருந்ததை, நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் குடியேறிய பிறகுதான் அறிந்தேன்.

வேலைக்குப் போகும் வழியிலுள்ள கிளின்டன் சதுக்கத்தில் மூவரின் உருவங்கள் கொண்ட ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. நடுவில் இருப்பவர் ஜெரி என்று அழைக்கப்பட்ட வில்லியம் ஹென்றி. மிசூரியில் அடிமையாக இருந்து தப்பிவந்து, இங்கே பீப்பாய் செய்து பிழைத்தவர். மற்ற இருவரும் போதகர்கள்: யூனிற்றேரியன் சபையின் சாமுவேல் ஜோசப் மே, ஆபிரிக்க மெதடிஸ்த சீயோன் சபையின் ஜெர்மெய்ன் லோகன்.

அடிமை முறையிலிருந்து தப்பியவருக்கு உதவினால் 1,000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் என்றது 1850ஆம் ஆண்டுச் சட்டம். விசாரிக்கும் ஆணையாளர் ஒருவரை அடிமையாகத் திருப்பி அனுப்பினால் 10 டொலரும், விடுவித்தால் 5 டொலரும் பெறுவார் என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. நீதியின் பெயரால் இதைவிடக் கூச்சமற்ற ஏற்பாட்டை நான் படித்ததில்லை. 1851 ஒக்ரோபர் 1ஆம் திகதி ஜெரி பிடிபட்டபோது, இவ்விருவரும் வேறு பலரும் கூடித் திட்டமிட, அன்றிரவே திரண்ட மக்கள் அவரை அடைத்துவைத்திருந்த இடத்தின் கதவை இடித்து அவரை மீட்டனர். சமாதானவாதியான மே, பொலிசார் எவரையும் வேண்டுமென்றே காயப்படுத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். சில நாள் ஒளித்துவைக்கப்பட்ட ஜெரி, ஒஸ்வீகோ துறையிலிருந்து ஒன்ராறியோ ஏரியைக் கடந்து கனடாவின் கிங்ஸ்டனைச் சேர்ந்தார். 1980களில் எங்கள் பிள்ளைகள் பலரும் இதே மாநிலத்தின் பஃபலோ வழியாக அந்நாட்டில் அடைக்கலம் தேடியவர்கள் என்பதால், இந்தப் பகுதியை என்னால் விரைந்து கடக்க முடியவில்லை.

வழக்குத் தொடரப்பட்டவர்களுள் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் ஈனக் ரீட் என்ற கறுப்பினத்தவர் ஒருவரே. மேல்முறையீடு முடியுமுன் அவர் இறந்துபோனார். போதகர்களைப் போற்றும்போது இவர் பெயர் விடுபடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

லோகனுக்கோ இழப்பதற்குத் தன் உடலே இருந்தது. டெனசியில் அடிமையாகப் பிறந்து தப்பிவந்தவர் அவர். இருந்தும் தப்பி வருவோர் தன் வீட்டுக்கு வரலாம் என்று பத்திரிகையில் பகிரங்கமாக அறிவித்தார். 1860இல் பழைய எசமானி கடிதம் எழுதி, அவர் ஓடியதால் ஏற்பட்ட நட்டத்துக்காக அவருடைய சகோதரனையும் சகோதரியையும் விற்றுவிட்டதாகச் சொல்லி, 1,000 டொலர் கேட்டார். உன்னை எங்கள் பிள்ளைகளைப் போலத்தானே வளர்த்தோம் என்றும் எழுதியிருந்தார். உங்கள் பிள்ளைகளையும் சந்தையில் விற்பதற்காகவா வளர்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்டு, பணம் தர மறுத்தார் லோகன்.

எங்களூருக்குப் போதகர்களை அனுப்பிய பொஸ்டன் மிசன் சங்கமோ இந்த விடயத்தில் நெடுங்காலம் தயங்கியது. அதன் சபைகளில் அடிமைகளை வைத்திருந்தோரும் அங்கத்தவராய் இருந்தனர். அதைப் பொறுக்காதவர்கள் 1846இல் அமெரிக்கன் மிசனரி அசோசியேசன் என்ற தனிச் சங்கத்தை அமைத்தார்கள். என் அம்மாவின் நன்றியை நான் மறுக்கவில்லை; ஆனால், அந்நாட்களில் நான் அங்கே இருந்திருந்தால், பிரிந்து சென்றவர்களோடுதான் நின்றிருக்க விரும்புவேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், விடுதலை பெற்றவர்களுக்காக 1866இல் டெனசியின் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பள்ளியைத் திறந்தவர்கள் அவர்களே.