எந்த இடத்தில் பயந்தீர்கள்? – ஒரு திகில் பட நாட்குறிப்பு

ஜனவரி 4

சனிக்கிழமை தோறும் நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு, படம் முடிந்த கையோடு தொலைபேசியில் கூடிப் பேசுவது என்று சென்ற மாதம் முடிவு செய்தோம். அக்கா, அக்காவின் மகன், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்த நண்பர், நான் என்று இவ்வளவுதான் எங்கள் கூட்டம். எங்களில் யாருக்கும் சினிமாத் தொழிலோடு தொடர்பு கிடையாது. திகில் படங்களும், வந்த புதிதில் தோற்றுப் பின்னர் ரசிகர்களால் தூக்கி நிறுத்தப்பட்ட கல்ட் படங்களும் பிடிக்கும் என்பது மட்டுமே பொதுவானது.

முதல் இரண்டு வாரங்கள் பேச்சு சரியாக அமையவில்லை. "எனக்குப் பயமாக இருந்தது" என்று அக்கா தொடங்குவதற்குள், அந்தப் படம் இணையத்தில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் வாங்கியிருக்கிறது என்று அவள் மகன் சொல்லிவிடுவான். அதற்கு மேல் அவள் வாய் திறக்க மாட்டாள். ஆகவே இன்று ஒரு விதி செய்தேன். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்குப் போகும் முன், எந்த இடத்தில் பயம் வந்தது, அது உடம்பில் எங்கே தெரிந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். பயமே வரவில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இன்று பார்த்தது 1942இல் வெளியான 'கேட் பீப்பிள்'. வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய 73 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். குறைந்த செலவில் எடுக்கப்பட்டதால், சிறுத்தையாக மாறும் பெண்ணைப் பற்றிய கதையில் சிறுத்தையை அவர்கள் அதிகம் காட்டவில்லை. நிழலையும் ஓசையையும் வைத்தே காரியத்தை முடித்திருக்கிறார்கள். நால்வரும் ஒரே காட்சியைத்தான் சொன்னோம். இரவில் பூங்காவின் மதிலோரமாக ஒருத்தி தனியே நடந்து போகிறாள். சற்றுப் பின்னால் இன்னொருத்தி தொடர்கிறாள். தெருவிளக்கின் வெளிச்சம், பிறகு இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று அந்த நடைபாதை நீள்கிறது. இசை கிடையாது, இரண்டு ஜோடிக் குதிகால் ஓசைகள் மட்டுமே. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. அவள் நடையை எட்டிப் போடுகிறாள், ஓடுகிறாள், ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது சீறலோடு ஏதோ ஒன்று திரைக்குள் பாய்கிறது. அது ஒரு பேருந்து, அதன் பிரேக் ஓசைதான் அந்தச் சீறல்.

பேருந்து வந்தபோது உடம்பு தூக்கிப் போட்டது என்றான் அக்கா மகன். அக்காவுக்கோ பேருந்து வந்தபோது நிம்மதியாக இருந்ததாம். "காலடி ஓசை நின்றது பாரு தம்பி, அப்போதுதான் என் பிடரி சில்லிட்டது" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே விதி செய்தது வீண் போகவில்லை என்று நினைக்கிறேன். அவன் சொன்னது திடுக்கிடல். அவள் சொன்னது பயம். திடீர் ஓசைக்கு உடம்பு தானாகத் துள்ளும், அதற்குக் கதையே தேவையில்லை. இருந்த ஓசை இல்லாமல் போவதற்குப் பயப்பட வேண்டுமானால், அதுவரை அந்தப் பெண்ணோடு நாமும் நடந்திருக்க வேண்டும்.

ஜனவரி 5

அந்தக் காட்சியை மட்டும் இரண்டு முறை திரும்பப் பார்த்தேன், ஒரு முறை ஒலியோடும் ஒரு முறை ஒலி இல்லாமலும். ஒலி இல்லாதபோது அது சாலையோரம் ஒரு பெண் அவசரமாக நடக்கும் காட்சி, அவ்வளவே. இவ்வகைப் பொய்ப் பயமுறுத்தலைத் திரைத்துறையில் இன்றும் 'லூட்டன் பஸ்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் பின்னால் வந்தவர்கள் பலர் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலடி ஓசையை விட்டுவிட்டார்கள் என்பதே என் எண்ணம். நிமிடத்துக்கு ஒரு தடவை கதவை அறைந்து சாத்தும் படங்கள் என்னைக் களைப்படையச் செய்வதற்குக் காரணம் இதுதான்.

ஜனவரி 18

அக்கா இன்று படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள். படம் 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்'. பேய் பிடித்த சிறுமியின் தலை திரும்புவதும் கட்டில் குலுங்குவதும் பார்க்காதவர்களுக்குக் கூடத் தெரிந்த சங்கதிகள். அவள் நிறுத்தியது அங்கெல்லாம் இல்லை. பேய் என்று யாருக்கும் இன்னும் உறுதிப்படாத நிலையில், சிறுமியின் மூளையைப் படம் பிடிப்பதற்காக மருத்துவமனையில் அவளை மேசைமேல் படுக்கவைத்துக் கழுத்தில் ஊசி ஏற்றுகிறார்கள். இரத்தம் பீச்சுகிறது, பிறகு எக்ஸ்ரே கருவி தடதடவென்று அடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எங்களை அழைத்துவிட்டாள்.

பாதியில் நிறுத்தியவர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்றான் அவள் மகன். நான் அதை வன்மையாக மறுத்தேன். 'இந்த இடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை' என்பது திகில் படத்தைப் பற்றி ஒரு பார்வையாளர் சொல்லக்கூடிய மிகத் தெளிவான கருத்துகளில் ஒன்று. அதைக் கோழைத்தனமாக எண்ணி ஒதுக்கினால், படம் எதைக் கொண்டு நம்மைத் தாக்குகிறது என்று அறியும் வாய்ப்பை இழக்கிறோம். பேய் செய்வதைக் காட்டிலும் மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு செய்வதே இந்தப் படத்தின் கொடூரமான காட்சி என்று கருதுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அக்கா அதையெல்லாம் படித்தவள் அல்லள், தானே அந்த முடிவுக்கு வந்தாள். மூத்த நண்பர் அவளுக்குத் துணையாக ஒன்று சொன்னார். பேய்க்கு மந்திரம் உண்டு, குருமார் உண்டு, கதை உண்டு. அந்தக் கருவிக்கு எதிரே சிறுமி தனியாகக் கிடக்கிறாள், அவளைப் பெற்றவளும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்றார். சிறந்த ஒலிக்காக அந்த ஆண்டு ஆஸ்கார் விருது பெற்ற படம் இது என்பதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அக்காவை விரட்டியதும் பாதிக்குமேல் அந்தக் கருவியின் ஓசைதான்.

ஜனவரி 25

'தி திங்', 1982. இன்றைய பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது.

முதலில் அந்தப் படத்துக்கு நேர்ந்த கதியைக் குறித்து வைக்கிறேன். வேற்றுக்கிரக உயிரை அன்பே உருவாகக் காட்டிய 'ஈ.டி.' வெளியாகி இரண்டே வாரத்தில், ஜூன் 25 அன்று, வேற்றுக்கிரக உயிரைச் சதையும் குடலுமாகக் காட்டிய இந்தப் படம் வந்தது. விமர்சகர்கள் வெறுத்தார்கள், வசூலும் ஏமாற்றியது. என்னியோ மொரிக்கோனே போன்ற ஒரு மேதையின் இசையை, ஆண்டின் மோசமான இசைக்கான ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். இயக்குநர் ஜான் கார்பெண்டரின் தலைசிறந்த படைப்பு என்று இன்று பலரும் கொண்டாடுவது இதைத்தான். நடுவில் நடந்தது என்ன? தொலைக்காட்சியிலும் வீடியோவிலும் எங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் சொன்னார்கள். முதல் வாரத்துத் தீர்ப்பு இவ்வளவு தவறாகப் போக முடியும் என்றால், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் படம் தொடங்குவதில் என்ன பொருள் என்று அக்கா மகனிடம் கேட்டேன். இப்போது அதற்கு நல்ல மதிப்பெண்தான் இருக்கிறது என்றான் அவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்த எண்ணை மாற்றியவர்கள் எண்ணைப் பார்க்காமல் படம் பார்த்தவர்கள்தானே!

பயந்த இடம் என்று மூவர் இரத்தப் பரிசோதனைக் காட்சியைச் சொன்னோம். அண்டார்டிகாவில் அடைபட்ட ஆட்களில் யார் மனிதர், யார் மனித உருவில் இருக்கும் அந்த உயிர் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொருவரின் இரத்தத்தையும் தனித்தனிக் கண்ணாடித் தட்டில் எடுத்து, சூடேற்றிய கம்பியை அதில் தோய்க்கிறார்கள். கம்பி இரத்தத்தில் படும்போது எழும் அந்தச் சுரீர் ஓசைக்கு நான் என் முழங்காலை இறுகப் பிடித்திருக்கிறேன். காட்சி முடிந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

முடிவைப் பற்றித்தான் சண்டை. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகவும்.) முகாம் எரிந்துகொண்டிருக்கிறது; மிஞ்சிய இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே புட்டியிலிருந்து குடிக்கிறார்கள்; ஒருவரை ஒருவர் நம்ப வழியில்லை; படம் முடிந்துவிடுகிறது. குளிரில் ஒருவரின் மூச்சு புகையாகத் தெரிகிறது, மற்றவருடையது அவ்வளவாகத் தெரியவில்லை, ஆகவே அவர் மனிதர் அல்லர் என்பது ரசிகர்களிடையே நெடுங்காலமாக உலவும் வாதம். அக்கா மகன் அதை முழுமையாக நம்புகிறான். மூத்த நண்பர் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, வெளிச்சம் விழும் கோணத்தைப் பொறுத்துப் புகை தெரியும், தெரியாமலும் போகும் என்றார். நான் நண்பர் பக்கம். விடை கிடைத்துவிட்டால் அந்தக் குளிர் நம்மை விட்டுப் போய்விடும். கிடைக்காத வரையில் படம் பார்த்தவர்களும் அந்த இருவரோடு உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 8

சிரிக்கலாம் என்று 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தைத் தேர்ந்தெடுத்தான் அக்கா மகன். எட் வுட் எடுத்த இந்தப் படத்தை உலகிலேயே மோசமான படம் என்று 1980இல் ஒரு புத்தகம் அறிவித்தது. அந்த அறிவிப்பே அதற்குப் புது வாழ்வு கொடுத்தது. கல்லறைக் கற்கள் ஆடுகின்றன, விமானி அறை என்பது ஒரு திரைச்சீலைதான். நாங்களும் சிரித்தோம்.

நண்பர் மட்டும் ஓரிடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். 1931இல் டிராகுலாவாக நடித்து உலகப் புகழ் பெற்ற பெலா லுகோசி இதில் சில நிமிடங்கள் வருகிறார். மனைவியைப் பறிகொடுத்த கிழவராக வீட்டிலிருந்து வெளியே வந்து, ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு தளர்ந்து நடக்கிறார். வேறொரு படத்துக்காக எடுத்து வைத்த காட்சி அது. 1956இல் லுகோசி இறந்துவிட்டார். மீதிக் காட்சிகளில் எட் வுட்டின் மனைவிக்குச் சிகிச்சை அளித்துவந்த ஒருவர், லுகோசியைவிட உயரமானவர், அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடுகிறார். அந்த உயர வித்தியாசத்துக்குத்தான் எல்லோரும் சிரிப்பார்கள். "பூப் பறிக்கிற அந்தக் காட்சியை மட்டும் பாருங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை" என்றார் நண்பர். திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். இறந்துபோன தன் நண்பர் லுகோசியை இன்னொரு முறை திரையில் கொண்டுவர வேண்டும் என்று எட் வுட் பட்ட பாடு அங்கியின் மடிப்புகளில் தெரிகிறது. இனி அந்த உயரத்துக்கு என்னால் சிரிக்க முடியாது.

பிப்ரவரி 15

'நைட் ஆஃப் த லிவிங் டெட்', 1968. விநியோகஸ்தர்கள் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையேல் உரிமை இல்லை. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பெருநட்டம். ஆனால் எவர் வேண்டுமானாலும் திரையிடலாம் என்றானதால் படம் எங்கும் பரவிற்று. அந்தக் கலைஞர்களுக்கு நேர்ந்த இழப்பை எண்ணாமல் இந்தப் படத்தைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. நால்வரும் பயந்தோம், படத்தில் எழுந்து நடமாடும் இறந்தவர்களுக்கு அல்ல, கடைசிக் காட்சியில் துப்பாக்கியோடு வரும் உயிருள்ளவர்களுக்கு. இன்று வேறு பேச்சு எழவில்லை.

பிப்ரவரி 22

ஹிடியோ நகாட்டாவின் 'ரிங்கு', 1998. பார்த்தவர்களைச் சாகடிக்கும் ஓர் ஒளிநாடாவின் கதை. இதன் முடிவையும் சொல்லப் போகிறேன்.

அக்கா மகன் படத்தைக் கைபேசியில் பார்த்தான், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு. கிணற்றிலிருந்து ஏறி வந்த உருவம் தொலைக்காட்சிப் பெட்டியைத் தாண்டி அறைக்குள் வரும் இடத்தில், கைபேசியைக் கட்டில்மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டானாம். "கையில் பிடித்திருந்த திரையிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது மாமா, விரலெல்லாம் மரத்துப் போய்விட்டது" என்றான். இத்தனை வாரங்களில் அவன் தன் பயத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது இதுதான் முதல் முறை. அந்த நடையின் சூட்சுமத்தை நான் விளக்கினேன். நடிகை பின்னோக்கி நடந்ததைப் படம் பிடித்து, அதைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் உருவம் முன்னால் வந்தாலும் மூட்டுகள் வேறொரு திசைக்குக் கட்டுப்பட்டவை போல் இழுபடுகின்றன. விவரம் தெரிந்த பின் மறுபடி பார்த்தானாம். பயம் குறையவில்லை, எந்த மூட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கூடுதலாகத் தெரிந்தது என்றான். நண்பருக்கோ பயம் துளியும் இல்லை. படம் மெதுவாகப் போகிறது, அந்த உருவத்தை முழுதாகக் காட்டியதே பிழை என்றார். ஒருவரும் அவரோடு வாதாடவில்லை.

அக்கா பேசாமல் இருந்தாள். "அம்மா, நீ எந்த இடத்தில் பயந்தாய்?" என்று அவள் மகனே கேட்டான்.

கிணறும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை என்றாள். அந்த ஒளிநாடாவைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் பார்த்தவர் பிழைக்க முடியும். அதைப் பார்த்துவிட்ட தன் மகனைக் காப்பாற்ற, கடைசியில் அந்தத் தாய் தன் தகப்பனாருக்குத் தொலைபேசியில் பேசி ஓர் உதவி கேட்டுவிட்டு, வீடியோ கருவியோடு காரில் புறப்படுகிறாள். சாலை நீண்டு கிடக்கிறது, தொலைவில் மேகம் கறுத்திருக்கிறது. அதோடு படம் முடிகிறது.

"நானாக இருந்தாலும் தாத்தா வீட்டுக்குத்தான் போயிருப்பேன்" என்றாள் அக்கா.